பொன்னையனின் வாய் மட்டும் பாக்கி

பாறசாலையில் நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கும் ஒரு மாடிக் கட்டடத்தின் பின்னறையில் ரத்னபாய் பதினேழு வருடம் உட்கார்ந்திருந்தாள். அறை பத்துக்கு எட்டு. ஜன்னல் உண்டு. ஏசியை அதன் மேல்தான் பொருத்தியிருந்தார்கள், அதனால் திறக்க முடியாது. பக்கத்து அறையில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் இயந்திரம் ஓடும். அந்த மையின் வாடை அவளுடைய சேலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூடப் போகாது.

அவளுடைய வேலை செத்தவர்களுக்கு முகம் செய்வது.

அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் இறந்தால், உடல் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே சந்திப்பில் அவரது படம் நிற்க வேண்டும். நாலடி அகலம், ஆறடி உயரம். மேலே மூன்றில் இரண்டு பங்கு முகம். கீழே மூன்றில் ஒரு பங்கு பெயர், வயது, தேதிகள், அடக்கம் எத்தனை மணிக்கு என்ற விவரம். படம் கொண்டுவருகிறவர்களிடம் நல்ல படம் இருந்ததே இல்லை. ரேஷன் கார்டைத் தருவார்கள். கல்யாணக் கூட்டத்தில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் தெரியும் அரை முகத்தைத் தருவார்கள். ரத்னபாய் மீதி முகத்தைச் செய்வாள். தலை சீவுவாள். கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பை எடுப்பாள். வாய் திறந்திருந்தால் மூடுவாள், பல் தெரிகிற படத்தைச் சாவுக்கு வைத்தால் சொந்தக்காரர்கள் ஏசுவார்கள். ஆணுக்குக் கோட்டு, பெண்ணுக்குப் பட்டு. அவளுடைய கணினியில் நாற்பது கோட்டும் அறுபத்திரண்டு சேலையும் நூற்றுக்கணக்கில் மூடிய வாய்களும் இருந்தன. ஒரே சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரே வாரத்தில் மூன்று பேர் மூன்று சந்திப்புகளில் நின்றதுண்டு. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் செய்த முதல் முகம் அவளுடைய கணவனுடையது. அவர் லாரி ஓட்டியவர். மகன் எபினுக்கு ஆறு வயதாக இருக்கும்போது போனார். அப்போது அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டூடியோவில் நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தைத் திருத்துகிற வேலையில் இருந்தாள். கல்யாணப் படத்தில் அவர் நெற்றியில் வேர்வை இருந்தது. அதை அவளே எடுத்தாள். பிறகு ஸ்டூடியோவை மூடினார்கள். பாறசாலையில் அனில் ஃப்ளெக்ஸ் கடை போட்டு அவளைக் கூப்பிட்டான். வந்து உட்கார்ந்தவள்தான்.

லீவு எடுக்க முடியாது. கல்யாண ஃப்ளெக்ஸ் என்றால் நாளைக்கு வாங்க என்று சொல்லலாம். தேர்தல் ஃப்ளெக்ஸ்காரனைக் காத்திருக்கச் சொல்லலாம். சாவு வீட்டிலிருந்து ஈரத் துண்டோடு வந்து நிற்கிறவனிடம் அப்படிச் சொல்ல நாக்கு வராது. அனில் ஒன்றுக்கு இரண்டு பேரை வேலைக்கு வைத்துப் பார்த்தான். அவர்கள் செய்யும் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டார், “மற்ற அக்கா இல்லியா?” என்று கேட்பார்கள். குஜராத்தில் ஓர் ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போய்விட்ட எபின் வாரத்துக்கொரு தடவை போனில், “விட்டுப்போட்டு வீட்டில இரும்மா” என்பான். “இருந்தா ஆளு தேடி வீட்டுக்கு வரும். அதுக்கு இங்கன இருக்குதது கொள்ளாம்” என்பாள்.

போன மார்ச்சில் ஸ்மிதா கடைக்கு வந்தாள். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். ஆரியங்கோட்டில் ஒரு வாசகசாலையில் மூன்று நாள் ஓவியர் கூட்டம் நடத்துகிறார்கள், அதற்கு ஃப்ளெக்ஸ் வேண்டும். ரத்னபாய் ஒரு முகத்தில் இருந்தாள். வலது கண்ணைத் திருப்பிப் போட்டு இடது கண் செய்துவிட்டு, இமையை ஒரு மயிரிழை கீழே இறக்கினாள்.

“அதெதுக்கு இறக்குதிய?” என்று கேட்டாள் ஸ்மிதா.

“ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இருந்தா ஆளு பொம்மையாயிரும் மக்கா.”

ஸ்மிதா நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தாள். “அக்கா, நீங்க படம் வரைப்பியளா?”

“நான் சவத்துக்கு மேக்கப்பு போடுத ஆளாக்கும். உங்க கூட்டத்துக்கு வந்தா மற்றவங்க பயந்து ஓடும்.”

“ஓடுறவன் ஓடட்டு. இருபத்திரண்டு பேரு இருக்கு. இருபத்திமூணாவதா உங்க பேர அடிங்க.”

ரத்னபாய் அடித்தாள். அழித்தாள். ஸ்மிதா எழுந்திருக்காததால் திரும்பவும் அடித்தாள். பெயர் முடிந்ததும் அவளுடைய கை தானாக அடுத்த வரிக்குப் போய் நின்றது, தேதி போடுவதற்கு.

அனில் மறுக்கவில்லை. “சேச்சி போயிட்டு வா. வெள்ளி, சனி, ஞாயிறு. இடையில மரணம் ஒண்ணும் வரல்லன்னா ஒரு பிரச்சினையும் இல்ல” என்றான். மனதாரத்தான் சொன்னான். அனில் நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் அவள் என்றைக்கோ இறங்கிப் போயிருப்பாள்.

வியாழக்கிழமை எபினிடம் போனில் சொன்னாள். “உயிரோட இருக்குத ஒரு ஆளுக்க முகம். ஒண்ணு போரும். முழுசா வரைஞ்சு முடிக்கணும்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு கேட்டா? எல்லாரும் செத்த பெறவாக்கும் எனக்ககிட்ட வாறாங்க.”

வெள்ளிக்கிழமை நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி, பெருங்கடவிளை வழியாக ஆரியங்கோட்டுக்குப் போனாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டுக் கட்டடம், முன்னால் தகரப் பந்தல். சுவர் ஓவியம் எழுதுகிறவர்கள், காஞ்சிரங்குளத்திலிருந்து சிப்பியில் வண்ணம் பூசுகிற ஒரு பெண், சஜன் என்கிற பஸ் கண்டக்டர். எல்லாரும் யாருடைய அனுமதியும் கேட்காமல் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். ரத்னபாய்க்கு நாற்காலி இல்லாமல் உட்கார வரவில்லை. ஒரு பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள்.

வாசகசாலையைத் திறந்து பெருக்கிப் பூட்டுகிற பொன்னையன்தான் மாடல். எழுபத்தெட்டு வயது. தோளில் ஒரு துண்டு, இடுப்பில் கைலி, வலது காதுக்குக் கீழே பட்டாணி அளவுக்கு ஒரு மரு. பால் ஊற்றாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் வந்து இருந்தார்.

தாளில் வரைந்து இருபது வருடம் ஆகியிருந்தது. முதல் கோடு தப்பியதும் அவளுடைய இடது கை பெஞ்சுப் பலகையில் இரண்டு விரலை அழுத்தியது. கணினியில் செய்ததை அழித்துப் பின்னால் போகிற அழுத்தம். கோடு போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு வரைந்தாள். முக்கால் மணி நேரத்தில் முடித்தாள். மற்றவர்கள் இன்னும் மூக்கில் நின்றார்கள்.

பொன்னையன் எழுந்து வந்து பார்த்தார். தாளைக் கையில் வாங்கித் தூரத்தில் பிடித்தார்.

“எடி பிள்ளே,” என்றார். “அடக்கம் எத்தன மணிக்காக்கும்?”

ரத்னபாய் எட்டிப் பார்த்தாள். துண்டு போட்ட ஆளுக்குச் சட்டை மாட்டி மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தாள். தலை படிய வாரியிருந்தது. மரு இல்லை. உதடு ஒட்டியிருந்தது. தாளின் கீழே மூன்றில் ஒரு பங்கு, நூல் பிடித்ததுபோல், வெறுமையாக விட்டிருந்தாள்.

“இடம் விட்டிருக்குதே, என்னமும் எழுது,” என்றார் பொன்னையன். “இன்னும் சாவல்லன்னு எழுது. ஊருக்குத் தெரியட்டு.”

சிப்பிக்காரப் பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். ரத்னபாயும் சிரித்தாள். வாய் திறந்து, கடைவாய்ப் பல் தெரிய. சஜன் அந்த நேரத்தில் போனை எடுத்து எல்லாரையும் சேர்த்து ஒரு படம் பிடித்தான்.

சிரிப்பு அடங்கியபின் ரத்னபாய் அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். புதுத் தாளில் தொடங்கினாள். பத்து நிமிடத்தில் நிறுத்தினாள். கீழே அதே இடம் விடப்பட்டிருந்தது.

மதியம் சஜன் தன் வேலையைக் காட்டினான். பஸ் டிக்கெட் மெஷினுக்கான காகிதச் சுருளில் மிஞ்சிய துண்டுகள். அதில் பேனாவால் முழுக்கப் பயணிகளின் பின்னந்தலைகள். கொண்டை, வழுக்கை, குடைக் கம்பி உரசுகிற கழுத்து, குழந்தையின் கை பிடித்திருக்கிற ஒரு காது. இரண்டு மீட்டர் நீளத்துக்கு விரித்தான்.

“முகம் எங்கடே?” என்று கேட்டாள் ரத்னபாய்.

“நான் பொறத்தாலல்லியா நிக்கேன் அக்கா. திரும்பிப் பாக்கணும்னா டிக்கெட் எடுக்காம இருக்கணும்.”

அவள் அந்தச் சுருளை மூன்று தடவை பார்த்தாள். எந்தக் கழுத்தும் இறந்தவர் கழுத்துபோல் இல்லை. பின்னேரம் நாலைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து அரை முகத்திலிருந்து முழு முகம் எப்படி எடுப்பது என்று கேட்டார்கள். மூக்கு யாருக்கும் நேராக இல்லை, எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறார்களோ அந்தப் பக்கம் கன்னம் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று சொன்னாள். சுவர் ஓவியக்காரர் ஒருவர் குறித்துக்கொண்டார். அவள் சொன்னதை யாரும் எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை. போகும்போது எல்லாரும் எண் வாங்கிக்கொண்டார்கள். அவளுடைய போனில் அதுவரை ஆம்புலன்ஸ் சிஜு, கோயில் செயலாளர், பிணவறை என்று இருந்தன. இப்போது சஜன் பஸ், ஸ்மிதா ஆரியங்கோடு, சிப்பி.

சனிக்கிழமை அவள் பெஞ்சைப் பொன்னையனின் பக்கவாட்டில் இழுத்துப் போட்டாள்.

“முன்ன வர வேண்டாமா?” என்றார்.

“முன்ன வந்தா நான் உம்மளக் கொன்னுபோடுவேன் மாமா. அங்கன பாத்து இரியும்.”

காதிலிருந்து தொடங்கினாள். காதில் நரைத்த மயிர். மரு. கழுத்தில் சவரக்கத்தி விட்டுப்போன நாலு முடி. கழுத்தைத் தாளின் அடிவிளிம்பு வரை கொண்டுபோய், விளிம்பைத் தாண்டிப் பெஞ்சிலும் ஒரு கோடு இழுத்தாள். கீழே இடம் இல்லை என்று தனக்கே நிச்சயம் செய்துகொள்வதற்கு. பதினொரு மணிக்கு வாயைத் தவிர எல்லாம் வந்துவிட்டது. வாய் வரவில்லை, காரணம் பொன்னையன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“வாய மூடும் மாமா.”

“மூடுனா செத்தவனப் போல இருக்குன்னு சொல்லுவிய. எனக்குத் தெரியும்.”

அவள் பென்சிலை நிறுத்தினாள். அவர் சொன்னது சரி. பதினேழு வருடத்தில் திறந்த வாய் ஒன்றுகூட அவள் செய்ததில்லை. பல்லின் மேல் உதடு எப்படி ஏறி இறங்குகிறது, போன பல்லின் இடத்தில் இருட்டு எப்படி விழுகிறது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். “செரி. நிறுத்தாதியும். பேசும்” என்றாள். பென்சிலைத் தூக்கினாள்.

போன் அடித்தது. அனில்.

“சேச்சி, மன்னிக்கணும். காஞ்சிரங்குளத்தில ஒரு வாத்தியாரு. பாடி மூணு மணிக்கு வருது. இங்க கடையில நிக்குத பிள்ள செஞ்ச முகத்தப் பாத்துட்டு அவருக்க மவ அழுது பெகளம் வைக்கா. எங்க அப்பா இது அல்லன்னு சொல்லுதா.”

“ஒரு மணிக்கூர் கழிஞ்சு வரலாமா அனிலு?”

போனுக்குப் பின்னால் அந்த மகளின் குரல் கேட்டது. ரத்னபாய் பென்சிலைப் பெட்டியில் வைத்தாள்.

“போயிட்டு வா,” என்றார் பொன்னையன். “வாய் இங்கதான் இருக்கும். நான் எங்கயும் கொண்டுபோவல்ல.”

கடையில் இருபது நிமிடம்தான் ஆனது. வேலைக்கிருந்த பெண் வாத்தியாரின் இரண்டு கண்ணையும் ஒன்றுபோல் வைத்திருந்தாள். ரத்னபாய் ஓர் இமையை இறக்கினாள். மகள் திரையைத் தொட்டு, “இதாக்கும் எங்க அப்பா” என்று சொல்லிவிட்டு அவள் தோளில் சாய்ந்து அழுதாள். ரத்னபாய் அசையாமல் இருந்தாள். இதை எந்தக் கணக்கில் வைத்து வெறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் போனதும் அடுத்த ஆள் உள்ளே வந்தான், கையில் ஒரு ஆதார் கார்டு. ஞாயிறு காலை இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ஆரியங்கோட்டில் போய் இறங்கினாள். பந்தலில் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். பொன்னையனின் ஸ்டூல் காலி. பேத்தியின் நிச்சயத்துக்காக மதியமே போய்விட்டார், வர இரண்டு நாள் ஆகும்.

“மனசில வச்சு வரைஞ்சு முடியுங்க அக்கா,” என்றாள் ஸ்மிதா. “உங்களுக்குத் தெரியாத வாயா?”

சஜனும் சொன்னான். சிப்பிக்காரியும் சொன்னாள். ரத்னபாய் தாளை மடியில் வைத்துப் பென்சிலை எடுத்தாள். வைத்தால் வந்துவிடும். மூன்று நிமிட வேலை. பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பென்சில் முனையைத் தாளுக்கு ஓர் அங்குலம் மேலே கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.

“வேண்டாம்,” என்றாள். “இல்லாத வாய வைக்கது எனக்க ஜோலி. அத இதில செய்யல்ல. அந்த ஆளு இருக்கும்ப வந்து வைக்கலாம்.”

படம் வாய் இல்லாமல் தொங்கியது. பார்க்க வந்தவர்கள் அதன் முன்னால்தான் கூடுதல் நேரம் நின்றார்கள் என்று ஸ்மிதா பிறகு சொன்னாள். ரத்னபாய் நிற்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்தாள். படத்தை வாசகசாலை அலமாரியில் வைக்கச் சொல்லியிருந்தாள், வந்து முடிப்பதற்கு.

அதற்குப் பிறகு எட்டு மாதம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு நெய்யாற்றின்கரை வரை போய், அனிலின் போன் வந்து திரும்பினாள். ஜூனில் பெருங்கடவிளை வரை. மழையில் வயதானவர்கள் அதிகம் போவார்கள், ஜூலையில் நகரவே முடியவில்லை. சஜனின் பஸ் கடையைத் தாண்டும்போது ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். ஜன்னல் திறக்காததால் அவள் பஸ்ஸைப் பார்த்ததில்லை. போன் ஒரு தடவை அதிர்ந்தால், இப்போது ஒரு நாற்பது பின்னந்தலைகள் சுவருக்கு அப்பால் போகின்றன என்று அறிவாள். ஸ்மிதா மாதம் ஒரு தடவை வந்து பக்கத்தில் உட்கார்ந்து போவாள். தப்பாக அச்சடித்த ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பின்பக்கத்தைக் கிழித்து ரத்னபாய் திறந்த வாய்களாக வரைந்து தள்ளினாள். சோறு தின்றுவிட்டு உறங்குகிற அனிலின் வாய். கொட்டாவி விடுகிற வார்டு மெம்பர். பாட்டுப் பாடிக்கொண்டு மை மாற்றுகிற பெண். எல்லாம் பொன்னையனின் வாய்க்கான ஒத்திகை.

ஓணம் கழிந்ததும் அனிலிடம் சொன்னாள். “நான் நிறுத்துதேன்.”

அனில் தலையாட்டினான். “செரி சேச்சி. நான் தடுக்கல்ல.” கொஞ்ச நேரம் மௌஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். “ஆனா நான் செத்தா எனக்கு யாரு செய்யும்?”

“நீ எனக்க முன்ன சாவ மாட்ட. போய் ஜோலியப் பாரு.”

அன்றைக்கும் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாளும்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை பதினொன்றரை மணிக்குத் தலை மேஜையில் சாய்ந்தது. கீழே விழுந்த பென்சிலைத் தேடுகிறாள் என்று அனில் நினைத்தான். நெய்யாற்றின்கரைக்குப் போகிற வழியில் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸை ஓட்டியது சிஜு. திரையில் பெருங்கடவிளைக்காரி ஒருத்தியின் முகம் இருந்தது, இடது கண் வைக்காமல்.

எபின் மறுநாள் காலை வந்தான். அனில் அவனைப் பின்னறைக்குக் கூட்டிப்போனான். ஆதார் படம், பாஸ்போர்ட் படம், இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். இரண்டும் வேறு யாரோ. சாவுச் செய்தி கேட்டுச் சஜன் அனுப்பியிருந்த படத்தை அனில் திறந்தான். பந்தல், பின்னால் ரப்பர் மரம், கூட்டத்தின் நடுவில் ரத்னபாய் வாய் திறந்து சிரிக்கிறாள்.

“இது கொள்ளாம். ஆனா பல்லு தெரியுது மோனே. மரண ஃப்ளெக்ஸில இது ஆவாது. சேச்சியே விட மாட்டாங்க.”

அது உண்மை. அனில் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய வாய்களில் ஒன்றைத் தேடி எடுத்து வைத்தான். நன்றாகவே பொருந்தியது.

“இது எங்க அம்மா அல்ல,” என்றான் எபின்.

அவன் குனிந்து இடது கையின் இரண்டு விரலைக் கீபோர்டில் அழுத்தினான். சிரிப்பு திரும்பி வந்தது. கீழே மூன்றில் ஒரு பங்கில் பெயரையும் இரண்டு தேதிகளையும் மலையாளத்தில் அவனே அடித்தான். இரண்டு தடவை சரிபார்த்தான். அனில் அச்சு இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு வெளியே போய் நின்றான்.

அடக்கத்துக்கு ஸ்மிதாவோடு பொன்னையனும் வந்தார், துண்டுக்குப் பதில் சட்டை போட்டுக்கொண்டு. சந்திப்பில் ஃப்ளெக்ஸின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாராம். வீட்டு வாசலில் எபினைக் கண்டதும் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“இது உனக்க அம்மைக்கது. ஒவ்வொரு ஞாயிறும் கழுத்தில அந்த நாலு முடிய விட்டுதான் சவரம் செய்தேன் மக்கா, ஆளு மாறிப் போவக்கூடாதுன்னு. இனி என்ன செய்ய?”

எபின் வாங்கினான். மேஜையில் விரித்து வைத்தான். காது, மரு, கழுத்தில் நாலு முடி. வாய்க்கு விட்டிருந்த இடம் குறுக்கே இரண்டு அங்குலம், உயரம் ஒன்றேகால். தாள் முழுக்கக் கை பட்டு மங்கியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் பென்சிலோ ரப்பரோ ஒரு தடவைகூடப் பட்டிருக்கவில்லை.